ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லப் போன அம்மா

வாக்கு எண்ணி முடித்த அன்று எல்லாரும் அப்பாவுக்குத்தான் மாலை போட்டார்கள். ஜெயித்தது அம்மா. அந்த முறை எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அப்பாவை நிற்கச் சொல்லிக் கேட்டு வந்தவர்கள், அது முடியாது என்று தெரிந்ததும், வீட்டுக்குள் எட்டிப் பார்த்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மனு போட வைத்தார்கள். அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடுமேன். லாரியில் பெட்டி அடுக்குகிற மனிதர், கழுத்து நிறைய மாலையோடு கூச்சப்பட்டுக்கொண்டே நின்றார். கழற்றி அம்மா கழுத்தில் போடலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. புதுத் தலைவர் வந்தவர்களுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊர் வெம்பக்கோட்டை அணைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அணைக்கட்டின் கரை ஊரிலிருந்தே தெரியும், குடிக்கத் தண்ணீர் மட்டும் கிடைக்காது. நான் கல்லூரியை முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் காலண்டருக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் பட்டாசுக் கம்பெனியில்தான், பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ரூமில் வேலை. தலைவரான பிறகும் அம்மா வேலையை விடவில்லை. விட்டால் அடுப்பு எரியாது. பஞ்சாயத்து வேலை இருக்கிற நாளில் லீவு போடுவாள், மற்ற நாளெல்லாம் காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். ஊராட்சித் தலைவர் தூக்குவாளியோடு பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரித்திருக்கிறார்கள்.

ஊராட்சி எழுத்தர் நல்ல மனிதர். எந்தத் தொந்தரவும் வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அவருடைய திறமை. முதல் மாதம் தாள்களை அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டினார். அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். எழுத்தர் வாசித்தார். அவருக்கே புரியாத இடங்களில் வேகமாக வாசித்தார். அங்கெல்லாம் அம்மா நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் தாள்களை வீட்டிலேயே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

கிராம சபை என்று ஒன்று எங்கள் ஊரில் பெயருக்கு இருந்தது. வருஷத்தில் நான்கு நாள் நடக்க வேண்டும். யாரும் போக மாட்டார்கள், யாரையும் கூப்பிடவும் மாட்டார்கள். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி, நோட்டைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவார்கள். பெண்கள் ஈரக்கையோடு வந்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போடுவார்கள். நானே அப்படி ஒருமுறை போட்டிருக்கிறேன்.

ஊரின் கடைசித் தெருவுக்குக் குழாய் கிடையாது. சாயங்காலம் கம்பெனி பஸ் அந்தத் தெரு முனையில்தான் நிற்கும். உடம்பெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க இறங்குகிற பெண்கள், முகம்கூடக் கழுவாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்கு நடப்பார்கள். கிணற்றுக்காரர் மனசு வைத்தால் தண்ணீர் உண்டு. அதே பஸ்ஸில் இறங்குகிற அம்மா எங்கள் தெருவுக்கு வந்து வாசலில் குழாயைத் திருகுவாள். அது அம்மாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஓட்டுக் கேட்டுப் போனபோது அந்தத் தெருவுக்கு ஒரு போர் போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் கொடுத்த ஒரே வாக்கு அதுதான்.

பணம் வந்தது. ஒரு போருக்கு மட்டும்தான் வந்தது. இடம் குறிக்க விருதுநகரிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். சின்ன வயது, வேலைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது. வெயிலில் கருவியைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வரை அலைந்தார். கடைசியில் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் ஒரு பாறையில் வெள்ளைப் பெயிண்டால் குறி போட்டு, இங்கே போட்டால் தண்ணீர் வரும், தெருவுக்குள் போட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். ஊர் முழுக்க வேலைக்குப் போயிருந்த நேரம் அது. அவர் குறி போட்டதைப் பார்த்தது அம்மா, அப்பா, எழுத்தர் மூன்று பேர்தான்.

ஓடைக்கரை என்றால் தோட்டத்துக் கிணற்றைவிடத் தூரம். அங்கிருந்து தெருவுக்குக் குழாய் இழுக்க இன்னொரு பணம் வேண்டும், அது எந்த வருஷம் வருமோ தெரியாது. அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்திலேயே தண்ணீர் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஓர் ஆசை. இறங்கியதும் முகம் கழுவி, குடத்தை நிரப்பிக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளுக்கு மட்டும்தான் இந்த யோசனை வரும். சாத்தூர்ப் பக்கமிருந்து நீரோட்டம் பார்க்கிற ஒருவரை வரவழைத்தாள். அவரும் ஊர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. நிற்காமல் என்ன செய்யும், அம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளே. இது இப்போது எனக்குத் தோன்றுவது. அன்று எனக்கும் புல்லரித்தது.

போர் லாரி வந்த அன்று அம்மா லீவு. நானும் அச்சகத்துக்குப் போகவில்லை. காலையில் ஆரம்பித்தார்கள். முதலில் கரிசல் மண் வந்தது, பிறகு சுக்கான்கல், பிறகு வெள்ளைப் பாறைத் தூள். தூள் மேலே எழும்பி வேப்பமரத்தையும் கூரைகளையும் வெளுக்க அடித்தது. மத்தியானத்துக்கு மேல் லாரிக்காரர் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் போங்க என்று அம்மா கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்றது. பெண்கள் இறங்கி வீட்டுக்கு ஓடி, குடத்தோடு திரும்பி வந்து வரிசையாக நின்றார்கள். புதுத் தண்ணீரை முதலில் பிடிக்க வேண்டும் என்று ஒருத்தி குடத்துக்குப் பொட்டு வைத்திருந்தாள். இயந்திரம் நின்றது. கடைசியாக ஒரு முறை புஸ்ஸென்று வெள்ளைத் தூள் வந்து அத்தனை பேர் தலையிலும் படிந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் நடந்தார்கள்.

மறுநாளே ஊரில் பேச்சு கிளம்பியது. ஜீப்பில் வந்த பயலுக்கு என்ன தெரியும், பேன்ட் போட்டவன் சொன்னால் பூமிக்குள் தண்ணீர் வந்துவிடுமா என்றார்கள். அவர் ஓடைக்கரையில் குறித்தது யாருக்கும் தெரியாதே. குறித்த இடத்தில்தான் போர் போட்டார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கடைசித் தெருவில் அம்மாவோடு ஒரே ரூமில் வேலை பார்க்கிற ஒரு அத்தை இருந்தாள். சொந்தமில்லை, முறைக்கு அத்தை. அம்மாவுக்கு மதினி. அவள் வாயைத் திறந்தால் கம்பெனி ஃபோர்மேனே வேறு பக்கம் போய்விடுவார். அந்த அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி விருதுநகரில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போகிறோம், தலைவர் என்ற முறையில் நீங்களும் கூட வாங்க என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எழுத்தர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா எதுவுமே பேச வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும் என்றார். அதிகாரிக்கு என்ன, ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். தலைவர் இடத்தை மாற்றினார் என்று வெளியே வந்தால் பதவிக்கே ஆபத்து என்றார். அப்பாவும் அதையேதான் சொன்னார். எனக்கு எழுத்தர் மேல் கோபம், அப்பா மேல் கோபம், தேங்காய்க்காரர் மேல் எல்லாரையும்விடக் கோபம். அவரைத்தான் மாட்டிவிட வேண்டும் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா, தேங்காய் அவர் கையில் இருந்தது, ஆசை என் கையில்தானே இருந்தது என்றாள்.

எழுத்தர் போன பிறகு அப்பா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். யாரும் உன்னைக் கேட்கவில்லையே, நீயாக ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்று மெதுவாகத்தான் கேட்டார். அவர் குரலில் பயம் இருந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க ரூம்ல மருந்து கொட்டிருச்சுன்னா, கொட்டுனவ அப்பவே சத்தம் போட்டுச் சொல்லணும். எல்லாரும் கையில இருக்கத வச்சிட்டு வெளிய போயிருவோம். சொன்னவள ஒருத்தியும் வையக்கூடாது. வஞ்சோம்னா அடுத்த தடவ காலால மண்ணத் தள்ளி மூடிட்டு உக்காந்துருவா. அப்புறம் ரூமும் இருக்காது, நாங்களும் இருக்க மாட்டோம்."

"இது பஞ்சாயத்து. பட்டாசு ரூம் இல்ல," என்றார் அப்பா.

அம்மா அந்த ரூமில் என்ன செய்கிறாள் என்று அன்றுவரை நான் கேட்டதே இல்லை. பூச்சட்டி செய்கிறாள் என்று மட்டும் தெரியும். இப்படி ஒரு வழக்கத்தோடு தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. வெங்காயத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

மே தினம் வந்தது. கம்பெனிகளுக்கு லீவு, கிராம சபைக்கும் அதுதான் நாள். நோட்டு வீடு வீடாகப் போகக்கூடாது, எல்லாரும் பள்ளிக்கூடத்து மரத்தடிக்கு வரட்டும் என்று அம்மா தமுக்கு அடித்துச் சொல்லச் சொன்னாள். எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா அம்மாவிடம் பேசியே சில நாட்கள் ஆகியிருந்தன. அன்று காலையில் எங்கேயோ போய்விட்டு வந்து, ஒரு பொட்டலத்தை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பிரித்துப் பார்த்தால் பிச்சிப்பூ. அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

மரத்தடியில் அவ்வளவு கூட்டத்தை நான் கோயில் கொடைக்குத்தான் பார்த்திருக்கிறேன். பஞ்சாயத்து யூனியனிலிருந்து வந்த அலுவலர் ஒரு நாற்காலி, அம்மா ஒரு நாற்காலி. அப்பா கூட்டத்தில் முன் வரிசையில் தரையில் உட்கார்ந்தார். எழுத்தர் வரவு செலவை வாசித்தார். போர் என்ற சொல் வந்ததுமே பின்னாலிருந்து முணுமுணுப்பு. அத்தை எழுந்து, அந்த ஆபீசர் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டாள். எழுத்தர் அம்மாவைப் பார்த்தார். இன்னும் நேரம் இருக்கிறது, பேசாமல் இருந்துவிடுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அம்மா எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஆபீசர் மேல தப்பு இல்ல. அவரு ஓடைக்கரையிலதான் குறிச்சாரு. இந்த எடத்த நான் மாத்துனேன். நீங்க பஸ்ஸ விட்டு எறங்குனதும் தண்ணி பிடிச்சுக்கிடட்டும்னு நெனச்சு, தேங்கா வச்சுப் பாத்து, மாத்திப்புட்டேன். தண்ணி வரல. இந்த வருசத்துக்கு வேற பணமும் இல்ல. ஒங்க தெருவுக்கு வந்தத நான் பாறையில கொட்டிட்டேன்."

அம்மா உட்காரவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒருவர் அம்மா ராஜினாமா செய்ய வேண்டும் என்று கத்தினார். அவர் அப்பாவுக்கு முதல் மாலை போட்டவர். இன்னும் சிலர் எழுந்தார்கள். பொம்பளையை நிறுத்தினால் இப்படித்தான் என்று ஒரு குரல் வந்தது. அப்பா எழுந்து, திரும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். யூனியன் அலுவலர் வேகமாக எதையோ எழுதினார்.

அத்தை நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. அவள் அம்மாவை நார் நாராகக் கிழிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

"இருங்க. சொன்னவுகள வையக்கூடாது."

அவ்வளவுதான். கூட்டத்தில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒரு ரூமில் உட்காருகிறவர்கள். அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எழுந்து நின்ற ஆண்களைப் பக்கத்தில் இருந்த பெண்களே வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அத்தை அம்மா பக்கம் திரும்பினாள்.

"மதினி, ஒங்கள வையல. ஆனா கொடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. அதுக்கு என்ன சொல்றீக?"

திட்டியிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள். இந்தக் கேள்விக்கு அவள் கண் நிறைந்துவிட்டது. இப்போது தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். ஓடைக்கரையில் போடுவதற்கும் குழாய் இழுப்பதற்கும் கேட்டு அலைகிறேன், எங்கே போனேன், யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் தெருவுக்கே வந்து சொல்கிறேன் என்றாள். அத்தை சந்தேகமாகப் பார்த்தாள். "ஒண்ணும் நடக்கலன்னாலும் வந்து சொல்றேன் மதினி," என்றாள் அம்மா. சரி என்று அத்தை உட்கார்ந்தாள். அன்று அம்மாவை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை.

அதன்பிறகு அம்மாவுக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. மரத்தடியில் சொன்னதையே எழுதி அனுப்பினாள். பதவி போகவில்லை, அடுத்த பணம் வருவதற்கு மட்டும் நாளானது. யூனியன் ஆபீஸுக்கும் விருதுநகருக்கும் லீவு போட்டுப் போட்டு அலைந்தாள். அங்கே வாசலில் உட்கார வைத்தார்கள், நாளைக்கு வரச் சொன்னார்கள், சாரை அழைத்துவரச் சொன்னார்கள். சார் என்றால் அப்பா.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் வேடிக்கை. சாயங்காலம் அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, நல்ல சேலை கட்டிக் கிளம்புவாள். எங்கே போகிறாய் என்று நான் வேண்டுமென்றே கேட்பேன். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லப் போகிறேன் என்பாள். அதற்கு எதற்கு இந்தச் சேலை என்பேன். நடக்காததைச் சொல்லும்போதாவது ஆள் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்பாள். முதல் சில வாரங்கள் தெருவில் யாரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டு வந்தாள். பிறகு ஒரு பாய் விரித்தார்கள். பிறகு காபி வந்தது. அந்தக் காபிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்குத் தெரியும், அதனால் அவளால் அதை மீதம் வைக்க முடியாது. சில வாரம் அவர்கள் சண்டை போட்டார்கள். போன தடவை சொன்னதும் இதுவும் ஒன்றுதானே, இதைக் கேட்கவா கூடினோம் என்று அத்தை சீறுவாள். அடுத்த வாரமும் அவள்தான் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைப்பாள்.

ஐப்பசி மழையில் ஒருமுறை அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, போக முடியவில்லை. அந்தி சாயும் நேரத்தில் வாசலில் ஆள் அரவம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கடைசித் தெருவே நின்றது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றார்கள். இந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுப் போக வந்தோம் என்றார்கள். நான் உள்ளே போய்ச் சொன்னேன். அம்மா எழுந்து உட்கார்ந்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒன்றும் நடக்கவில்லை என்றாள். சரி மதினி, நீங்க படுங்க என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்த மிளகு ரசத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா அந்த ரசத்தைச் சுடவைத்து அம்மாவுக்கு ஊட்டினார். அவர் ஊட்டி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அடுத்த கோடைக்குள் பணம் வந்தது. அதே அதிகாரி வந்தார், அதே பாறையைக் காட்டினார். இந்தத் தடவை தெருவே கூட நின்று பார்த்தது. போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது. லேசாக உப்புக் கரித்தது, ஆனாலும் தண்ணீர். குழாய் பதித்து, தொட்டி கட்டி, தெருவில் திறந்துவிட நாள் குறித்தார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று அம்மா மத்தியானத்திலிருந்தே தயாரானாள். என்ன சொல்வது என்று எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டினாள், பிறகு அப்பாவுக்கு ஒருமுறை. எவ்வளவு செலவு, எவ்வளவு மீதி, மோட்டார் ரிப்பேரானால் யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே போனோம். வழக்கமாகப் பாய் விரிக்கிற இடம் காலியாகக் கிடந்தது. தெருவே குழாயடியில் இருந்தது. தள்ளுமுள்ளும் சிரிப்பும் குடத்துச் சத்தமும் ஒரே இரைச்சல். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வாரம் என்று ஆரம்பித்தாள். ஒருத்தியும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய் மறுபடி ஆரம்பித்தாள்.

அத்தை குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "மதினி, செத்த வழிய விட்டு நில்லுங்க. கொடம் நெறையுது."

அம்மா வழியை விட்டு நின்றாள்.